தெற்குப் பக்கம் இல்லாத கூரை

வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் டெரஸ் வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போடுவது என்று முடிவானபோது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்ன, கெஞ்சி வாங்கினேன். இதற்கு முன் குளியலறை ஹீட்டருக்கு நான் பிடித்து வந்த ஆளின் கைவண்ணத்தில், யாராவது வெந்நீரைத் திறந்தால் ஃப்ரிஜ் அணைந்துவிடும். வீட்டில் ஐஸ்கிரீம் வாங்குவதையே நிறுத்திவிட்டோம்.

“இதுதான் கடைசி சான்ஸ். இதுலயும் சொதப்புனா, இனி இந்த வீட்டுல எந்த வேலைக்கும் ஆள் பார்க்குறது நான்தான்,” என்றாள் மனைவி.

மானப் பிரச்சினை. அதனால் படித்தேன். அதாவது, யூடியூப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, “பேனல் தெற்கு பார்த்துத்தான் இருக்கணும். வேற திசை சொல்றவனை வீட்டுக்குள்ளயே விடாதீங்க,” என்று அடித்துச் சொன்னார். அதோடு என் படிப்பு முடிந்தது.

முதலில் மார்சிலிங்கிலிருந்து ஒரு பெண் வந்தார். இன்ஜினியர். நிறுவனத்தின் சான்றிதழ், எலக்ட்ரீஷியனின் லைசன்ஸ், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்கிற காகிதம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். நான் எதையும் பார்க்கவில்லை. நேராகத் தேர்வை வைத்தேன்.

“பேனல் எந்தப் பக்கம்மா பார்க்கணும்?”

“கிழக்கு, மேற்கு ரெண்டு பக்கமும் போடலாம், அங்கிள். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு, சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலயேதான் போகுது. திசை பெரிய விஷயமே இல்ல.”

பாவம் என்று தோன்றியது. “யோசிச்சு சொல்றேன்மா,” என்று வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

அடுத்து வந்தவர், ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் எனக்குப் பழக்கமானவர். அதே கேள்வியைக் கேட்டேன்.

“நீங்களே சொல்லுங்கண்ணே.”

“தெற்குதானே?”

“தெற்கேதான் லா. வேற எங்க?”

கண் கலங்காத குறை. டீ கொண்டுவரச் சொன்னேன். டீயோடு வந்த மனைவி திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“தம்பி, வடக்கு பார்த்து வச்சா?”

“வடக்கும் ரொம்ப நல்லதுக்கா.”

“லைசன்ஸ் இருக்கா?”

“கூட்டாளிகிட்ட இருக்கு.”

“கூட்டாளி எங்க?”

“பாத்தாம் தீவுக்குப் போயிருக்கான்.”

டீ ஆறுவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“நம்ம வாசல் எந்தப் பக்கம்?”

“கிழக்கு,” என்றேன் பெருமையாக. வாஸ்துவுக்காகக் கிழக்கு வாசல்தான் வேண்டும் என்று அவளை பிடோக் முழுக்க அலைய வைத்து வாங்கிய வீடு இது.

“கொல்லைப் பக்கம்?”

“மேற்கு.”

“கூரை எப்படிச் சரியுது?”

“முன்னாலயும்... பின்னாலயும்.”

“அப்ப தெற்குல என்னங்க இருக்கு?”

தெற்கில் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் இருந்தார். ஒட்டிக்கட்டிய சுவருக்கு அந்தப்புறம், சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டு. நான் கேட்டபடி பேனலை மாட்ட வேண்டுமென்றால் அவர் தலைக்கு மேல்தான் மாட்ட வேண்டும்.

மனைவி என்னைத் திட்டவில்லை. மார்சிலிங் பெண் மேசையில் விட்டுப்போன காகிதங்களை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லைசன்ஸ் எண்ணை அரசாங்க இணையத்தளத்தில் சரிபார்த்தாள். பிறகு மார்சிலிங்குக்குப் போன் போட்டு, “அங்கிள் நல்லா யோசிச்சிட்டாரும்மா,” என்றாள்.

அன்றிலிருந்து ஆள் பார்க்கும் இலாகா அவளுடையது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். “பேனல் கலரை மட்டும் நீங்க செலக்ட் பண்ணுங்க,” என்றாள்.

கறுப்பில் மட்டும்தான் கிடைக்குமாம். ஒரு நாள் அவகாசம் கேட்டு, நிதானமாகக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தேன்.