மூன்றாம் எண் வாளி

"மூணு... நாலு... அஞ்சு." ஃபிரிட்ஜ் கதவைத் திறந்த மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அவள் பாலை எடுத்துக் கதவைச் சாத்தியபோது ஏழு ஆகியிருந்தது. "ரெண்டு செகண்ட் கூடப் போச்சு. கதவுல படம் எதுக்குப் போட்டு வச்சிருக்கேன்?"

எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கதவில் ஒட்டியிருக்கிறார். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாலும் அதைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். ஊரார் ஃபிரிட்ஜையெல்லாம் நாள் முழுக்கத் திறந்து போட்டுப் பழுது பார்க்கும் மெக்கானிக்கான அவருக்குத் தன் வீட்டு ஃபிரிட்ஜ் திறந்தால் மட்டும் பொறுக்காது. எதைச் செய்தாலும் "மிச்சம்தானே" என்று முடிப்பதால் தெருவில் அவர் பெயரே 'மிச்சம்'. அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் மெஷினின் பிளக் பிடுங்கப்பட்டிருக்கும். "சும்மா சொருகி வச்சாலே கொஞ்சம் கரண்ட் இழுக்கும்மா." இஸ்திரிப் பெட்டியைக் கடைசி இரண்டு துணிக்கு முன்பே அணைத்துவிடுவார், மீதியை ஆறுகிற சூட்டில் தேய்க்க வேண்டும். ஜன்னல் இல்லாத குளியலறையில் ஜீரோ வாட் பல்பு. "நம்ம உடம்பு எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு வெளிச்சம்?"

அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் இன்னும் எரிச்சல். கரண்ட் பில் பாதியாகக் குறைந்திருக்கிறது. தப்பாக இருந்தாலாவது சண்டை போட்டு ஜெயிக்கலாம்.

அந்தக் குளியலறையில் பெயின்டால் எண் போட்ட நான்கு பெரிய வாளிகள். ஒன்றில் காய்கறி கழுவிய தண்ணீர், செடிகளுக்கு. இரண்டில் துணி அலசிய தண்ணீர், தரை துடைக்க. ஹீட்டரில் சூடு வரும்வரை வீணாகப் போகும் நல்ல தண்ணீர் மூன்றில். நாலாவது காலி, "எதுக்கும் இருக்கட்டும்". அவளுக்கு இது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

நேற்று மதியம் அவள் வெள்ளைக் காட்டன் துணியை மூன்றாம் வாளியில் ஊறப்போட்டாள். ஊறவைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே தைத்தது சுருங்கிவிடும். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்துக்கு ஆறு கோட்டு. சரியாக வந்தால் இனி வருஷா வருஷம் அவளுக்கே என்று அங்குள்ள டீச்சர் சொல்லியிருந்தாள். அரை மணி கழித்துத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இளநீலம்.

வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு மூன்றாம் வாளிதான் கிட்டத்தில் இருக்கிறது என்று காலையில் அவர் இரண்டின் வேலையையும் மூன்றின் வேலையையும் மாற்றிவிட்டிருந்தார்; துணி அலசிய தண்ணீர் இனி மூன்றில். அவருடைய வேலைச் சட்டைதான் அந்தத் தண்ணீரில் சாயம் விட்டிருந்தது. ஜீரோ வாட்டில் எல்லாத் தண்ணீரும் ஒரே நிறம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஃபிரிட்ஜ் படத்துல ஓரமா எழுதியிருக்கேனே."

அவள் துணியைக் கீழே போட்டாள். "இத்தனை வருஷமா கிழிசலும் ஜிப்பும் தச்சே காலம் போச்சு. இப்பதான் உருப்படியா ஒரு வேலை வந்தது. நாளன்னைக்கு அந்த டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்? மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு என் பொழப்பையும் சேர்த்துத் தொடச்சுட்டீங்க."

அவர் ஜீரோ வாட்டைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ ஒரு நல்ல பல்பைக் கொண்டுவந்து மாட்டினார். துணியைத் தூக்கிப் பார்த்தார். "ஈரம் காயல. ஓடுற தண்ணியில அலசினா போயிடும்." பிறகு குழாயை முழுதாகத் திறந்துவிட்டார்.

அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டுப் பல வருஷங்கள் இருக்கும். மடிப்பு மடிப்பாக விரித்து அலசினார், பிழிந்தார், மறுபடி விரித்தார். நீலம் கரைந்து போய்க்கொண்டிருந்தது. இடுப்பில் கை வைத்து வாசலில் நின்ற அவளுக்கு, வெளுத்து வந்த முதல் மடிப்பைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் மட்டும் சாக்கடைப் பக்கம் பார்க்காமல், ஊசி போட்டுக்கொள்கிறவர் போல முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

இரண்டாவது மடிப்பும் வெளுத்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. கைகள் பாட்டுக்கு அலசிக்கொண்டிருக்க, இடது காலை மெல்ல நீட்டி, நாலாம் எண் வாளியைக் குழாய்க்கு அடியில் இழுத்துக்கொண்டார்.