ஓடுகிற எஞ்சினை நிறுத்தியது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். முன்னே நடந்ததைப் பின்னே போட்டிருப்பேன், சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எழுபதுகளில், மரக்காணத்தில் எங்கள் உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்க ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. எஞ்சின் ஒன்றுதான், பங்கு நாலு வீட்டுக்கு. ஆளுக்கொரு நாள் முறை. ஆனால் பேச்சில் யாரும் பங்கு என்று சொல்லமாட்டோம். "இன்னிக்கு எங்க எஞ்சின் ஓடுது", "உங்க எஞ்சின் எப்போ?" என்றுதான் கேட்போம். ரிப்பேர் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டு, "நாலு எஞ்சினாம்மா? மத்த மூணு எங்க?" என்று சுற்றிச்சுற்றித் தேடினார். நாங்கள் சிரித்தோம். அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அது வேறு எஞ்சின் மாதிரிதான்.

மேற்கு வீட்டாருக்குப் பாத்தி மேட்டில். தண்ணீர் வேகமாக ஏறவேண்டும், அதனால் பெல்ட்டைப் பெரிய சக்கரத்தில் போடுவார்கள். எங்கள் பாத்தி பள்ளத்தில், வரப்பும் இளசு. சின்ன சக்கரத்தில் போட்டு மெதுவாகத்தான் விடவேண்டும். வேகமாக விட்டால் வரப்பு உடையும், உப்பு பூத்து நிற்கிற பாத்தியில் புதுத் தண்ணீர் பாயும், எல்லாம் கரைந்துபோகும். எவ்வளவு டீசல் ஊற்றுவது, எந்த வாய்க்காலைத் திறப்பது என்பதும் வீட்டுக்கு வீடு வேறே. முறை மாறும்போது எஞ்சினை நிறுத்தி, நமக்கு வேண்டியபடி எல்லாவற்றையும் மாற்றி வைத்து, திரும்பச் சுற்றிக் கிளப்பவேண்டும்.

அதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் பார்த்த வேலை. எஞ்சின் கொட்டகையில் எப்போதும் ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கூச்சம், அந்தப் பக்கமே போகமாட்டேன். ஒரு கோடையில் அவருக்கு உள்ளங்காலில் உப்புத் தண்ணீர் தின்ற புண் ஆழமாகி, காலை ஊன்ற முடியாமல் படுத்துவிட்டார். எஞ்சினைக் கிளப்ப ஆளில்லாத வீடு முறையை விட்டுத் தரவேண்டும் என்பது பங்குக்காரர்கள் பேசி வைத்தது. கோடையில் முறை போனால் அந்த வருஷத்து உப்பே போனமாதிரி.

"நான் போய் ஓட்டறேன்" என்றேன்.

"உன்னால சுத்த முடியாது. கை ஒடிஞ்சிடும்."

"வேற யாரு இருக்கா, சொல்லுங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதல் ஒன்றிரண்டு முறை எப்படியோ கிளப்பிவிட்டேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அடுத்த முறை வந்தபோது எழுந்து நடக்கவே அலுப்பாக இருந்தது. எனக்கு முந்தின முறை மேற்கு வீட்டுக்காரியுடையது. எஞ்சினை அவள் நிறுத்தாமல் வைத்திருந்தாள்.

"ஓடிட்டே இருக்கட்டும்மே. உன் வாய்க்கால மட்டும் தொறந்துக்க. கை பாரு, இட்லி மாதிரி வீங்கிக் கெடக்குது."

நல்ல மனசோடுதான் செய்தாள். ஆனால் பெல்ட் பெரிய சக்கரத்தில் இருந்தது. ஓடும்போது அதை மாற்ற முடியாது, விரல் போய்விடும்.

"வேகம் ஜாஸ்திக்கா" என்றேன். சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

"இன்னா சொல்ற?"

"ஒண்ணுமில்ல" என்று தலையாட்டிவிட்டு வாய்க்காலைத் திறந்தேன். தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வரப்போரம் மண் கரைவது கண்ணுக்குத் தெரிந்தது. ஓடிவந்து எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

"ஓடற எஞ்சின நிறுத்துவாளா ஒருத்தி?" என்றார் கொட்டகையில் ஒருவர். "இனிமே இவ புருஷன் வந்துதான் கெளப்பணும்."

"அதுக்குள்ள மழ வந்துடும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பெல்ட்டைச் சின்ன சக்கரத்தில் மாட்டினேன். மேலேயிருக்கும் லீவரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் கைப்பிடியைச் சுற்றவேண்டும். வேகம் பிடித்ததும் லீவரை விடவேண்டும். விட்டேன். புஸ் என்று மூச்சு விட்டு நின்றது. மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் நின்றது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இப்படியே உட்கார்ந்துவிடலாமா, முறையும் வேண்டாம் உப்பும் வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

மேற்கு வீட்டுக்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "ரெண்டு கையாலயும் சுத்து. லீவர நான் பாத்துக்கறேன்."

"ஆள் புடிச்சு கெளப்புனா செல்லாது" என்றார் கொட்டகையில் முதலில் பேசியவர்.

"ஏம்பா, உன் மொறையில நீ கெளப்பசொல்ல உன் தம்பி லீவரு புடிக்கல? வாய மூடிக்கினு இரு."

சுற்றினேன். அவள் லீவரை விட்டாள். கிளம்பிவிட்டது, நிதானமாக. வரப்பு நின்றது. பாதி நேரம் போய்விட்டதால் பாதித் தண்ணீர்தான் கிடைத்தது, உப்பும் அந்தத் தடவை குறைச்சல்தான். ஆனால் பூத்திருந்தது கரையவில்லை. முறையை விடு என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விழுந்தேன். "சத்தம் கேட்டுது" என்றார் வீட்டுக்காரர். "நல்லாத்தான் ஓடுச்சு. அடுத்த முறையும் நீயே பாத்துக்க."

கால் ஆறின பிறகும் அதையேதான் சொன்னார். உனக்குத்தான் பழக்கமாயிடுச்சே என்பார். முறை போகக்கூடாது என்று போனேன். அது போகாமல் என் தலையிலேயே உட்கார்ந்துவிட்டது. எஞ்சினை விற்கிறவரைக்கும், உடம்பு முடிகிறதோ இல்லையோ, எங்கள் வீட்டு முறைக்கு நான்தான் போனேன்.

சக்கரம், லீவர் பற்றி எழுதியதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. அந்தக் காலத்து எஞ்சின் ஓட்டியவர்கள் யாராவது படித்தால், சரிதானா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள்.