நான் போடாத கோடு

காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், கணக்குப் படித்தவள், அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. எண்பதுகளின் நடுவில், கிருமாம்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் அத்தா, சொந்தக்காரர்கள் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் என்னைப் புதுச்சேரிக்கு எம்.எஸ்சி. படிக்க அனுப்பினார். அதில் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் என்று ஒரு பாடம். வகுப்பிலேயே அதில் நான்தான் முதல், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

அப்போதெல்லாம் புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஒரு அட்டையில் ஓட்டைகளாகப் போட்டுத்தான் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். கலைந்து கிடக்கும் எண்களை வரிசைப்படுத்துகிற என் புரோகிராமுக்கு நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஒன்று இடம் மாறினாலும் புரோகிராம் ஓடாது என்று அட்டைகளுக்கு வரிசை எண் போடச் சொல்வார்கள், எனக்கெதற்கு அதெல்லாம் என்ற திமிரில் போடவில்லை. சரிபார்க்க வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு மெஷினில் ஓட்டக் கடைசி வாய்ப்பு. ஓடாவிட்டால் அந்தப் பாடம் போச்சு, அத்தாவுக்கும் தலைகுனிவு.

காலையில் கடலூர் ரோட்டில் நின்று அட்டைக்கட்டின் விளிம்பைத் தட்டிச் சமன் செய்தேன். பஸ் ஏறும்போது கால் தடுக்கி, அத்தனையும் புழுதியில் பறந்தன. கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார், பாதி பஸ் இறங்கிப் பொறுக்கியது.

"இன்னாமா இது, ஒரே ஓட்டையா கீது?"

"என் பரீட்சைண்ணே."

"அழுவாத. ஒன்னு வுடாம பொறுக்கிக் குடுங்கப்பா, படிக்கிற பொண்ணு."

கண்டக்டர் வந்ததை வந்தபடி சேர்த்து என் கையில் கொடுத்தார். நிற்கவே இடமில்லாத பஸ், நம்பினால் நம்புங்கள், நான் ஒரு அட்டையைக்கூட இடம் மாற்றவில்லை. மெஷின் ரூமில் ஆபரேட்டரிடம் கலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை, அப்படியே நீட்டிவிட்டேன். சற்று நேரத்தில் தாள் வந்தது. ஒரு தப்பு இல்லை, எண்கள் சின்னதிலிருந்து பெரியது வரை அழகாக நின்றன.

"கெட்டிக்காரிமா நீ," என்றார் ஆபரேட்டர். "கோடு போட்டு வெச்சிருக்க பாரு. கீழ விழுந்தாக்கூட அத்தப் பாத்து அடுக்கிக்கலாம்."

கட்டின் மேல்விளிம்பில் முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை, சாய்வாக, நீல மையில் ஒரு கோடு. அப்படியொரு வழி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சாயங்காலம் அத்தாவைக் கேட்டேன்.

"நான் தொடவே இல்லமா. பாஸாயிட்டியா, அத்தச் சொல்லு."

பாஸ் மட்டுமா, முதல் மார்க். அத்தா அந்த பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ்ஸில் யாரோ கோட்டைப் பார்த்து அடுக்கிவிட்டார்கள் என்பீர்கள், இருக்கட்டும். கட்டு இன்றும் என் பீரோவில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன், அன்றைய புழுதிக் கறை மைக்கோட்டின் மேல் படிந்திருக்கிறது, அடியில் இல்லை. அப்படியென்றால் கட்டு விழுவதற்கு முன்பே போட்ட கோடு அது. விழுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அந்த விளிம்பைத் தட்டிச் சமன் செய்தவள் நான்தான். அப்போது அங்கே ஒரு கோடும் இல்லை.