முதலில் ராஜா

சேலையூர் செஸ் கிளப்பில் ஹெப்சியைப் பற்றிக் கேட்டால், "அந்தம்மாவா? காய் நகர்த்துறதுக்கு முன்னாடியே சண்டையை ஆரம்பிச்சுடுவாங்க" என்பார்கள். உண்மைதான்.

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவது வேறு மாதிரியான செஸ். சிப்பாய்கள் மட்டும் வழக்கமான இடத்தில் நிற்கும். பின்வரிசை காலி. வெள்ளை ஒரு காய், கறுப்பு ஒரு காய் என்று மாறி மாறி, அவரவர் பின்வரிசையில் இஷ்டப்பட்ட கட்டத்தில் வைக்க வேண்டும். அப்புறம்தான் ஆட்டம். புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கே செல்லாது.

எல்லோரும் ராஜாவைக் கடைசிவரை கையிலேயே வைத்திருப்பார்கள். இடம் தெரிந்தால் எதிராளி குறிவைத்துவிடுவானாம்! ஹெப்சி மட்டும் ராஜாவைத்தான் முதலில் வைப்பாள். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் யாருக்கு எந்த சீட் என்று ஒதுக்குவது அவள் வேலை. "பெரிய தலை எங்கன்னு முடிவாயிட்டா, மத்தவங்கள உக்கார வைக்கிறது ஈஸி" என்பாள்.

கிளப் டீமில் ஒரே ஓர் இடம் பாக்கியிருந்தது. ஹெப்சியும் ஸ்ரீரங்கனும் ஆடட்டும், ஜெயிப்பவருக்கு அந்த இடம் என்றார் கேப்டன் பிரிட்டோ. போன வருஷமே கிடைத்திருக்க வேண்டியது, நழுவிப்போனது. அந்த ஆத்திரம் ஹெப்சிக்கு இன்னும் அடங்கவில்லை. இந்த முறை விடுவதாக இல்லை.

அவளுக்கு வெள்ளை. ராஜாவை டொக்கென்று வைத்தாள்.

"என்ன மேடம், அட்ரஸ் குடுத்துட்டீங்க? வீட்டுக்கே வந்து அடிப்பேன்" என்று சிரித்தார் ஸ்ரீரங்கன்.

"வாங்க சார். நீங்க வழி தெரியாம அலைய வேணாம்னுதான்."

ராணி, பிஷப், யானை என்று எல்லாவற்றையும் அவள் ராஜாவைப் பார்க்கும்படியே நிறுத்தினார் ஸ்ரீரங்கன். ஹெப்சி காவலுக்கு வேண்டியதை வைத்துவிட்டு, குதிரைகளை நடுவில் நிறுத்தினாள். கடைசியில் அவர் கையில் ராஜாவும், பின்வரிசையில் ஒரே ஒரு கட்டமும்தான் மிச்சம். மூலைக் கட்டம். பக்கத்தில் அவருடைய யானை, முன்னால் அவருடைய சிப்பாய்கள். வேறு வழியில்லாமல் அங்கேயே வைத்தார்.

ஆட்டம் சூடுபிடித்தது. ஸ்ரீரங்கன் விடாமல் அடித்தார், ஹெப்சியும் அசராமல் தடுத்தாள். அவர் ராணி அவள் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட நேரத்தில், அவளுடைய குதிரை ஒரே தாவாகத் தாவி அவர் ராஜாவுக்கு செக் வைத்தது. அந்தக் குதிரையை வெட்ட அவரிடம் ஒரு காயும் இல்லை.

ஸ்ரீரங்கன் ராஜாவைத் தொட்டார். எங்கே நகர்த்துவது என்று தேடினார், தேடிக்கொண்டே இருந்தார்.

"போக இடமில்ல சார்" என்றாள் ஹெப்சி. "வழிய மறிச்சுட்டு நிக்கிறது பூரா உங்க ஆளுங்கதான்."