திருத்தம் நிலுவையில் உள்ள நூல்கள்

“கழிவு நீக்கப் பணியாளர், நிலை இரண்டு. விற்பனையாகாத நூல்களை ஆண்டுதோறும் காகித ஆலைக்கு அனுப்புதல் இவரது கடமை. மேலதிகாரியின் ஆணையைத் தாமதமின்றி நிறைவேற்றுவார். இப்பணிக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் திறன் தேவையில்லை.”

ஆய்வு நூல்கள் வெளியிடும் கழகம் ஒன்றின் பணி விதிகளில் இப்படித்தான் எழுதியிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கோ, சொந்தமாக முடிவெடுப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பதுதான் அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லாருடைய புகாரும்.

அவரைப் பசையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையின் ஓரத்தில் எப்போதும் ஒரு டப்பா பசையும் ஒரு தட்டைத் தூரிகையும் இருக்கும். மற்றபடி பெயரில் இருந்த பசை சம்பளத்தில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமை எழுத்தர் அவரைக் கிடங்குக்கு அழைத்துப் போனார். கட்டடத்தின் பின்பக்கம், உயரமான ஜன்னல்களோடு நீளமான ஓர் அறை. கடல் அலைகளைப் பற்றி ஒரு வரிசை, உப்பு வணிகத்தின் வரலாறு ஒரு வரிசை, தாலாட்டுகளைப் பற்றி ஒன்று, எழுத்து வடிவங்களைப் பற்றி ஒன்று என்று கூரைவரை அடுக்கு. எழுத்தர் ஒரு கத்தியைக் கையில் கொடுத்தார். ஆலைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு நூலின் அட்டையையும் அறுத்து எடுத்துவிட வேண்டும். அட்டைகள் அலுவலகத்துக்கு, உடம்பு ஆலைக்கு. அட்டை வந்து சேர்ந்தால்தான் நூல் ஒழிந்தது என்று நம்புவார்கள்.

“எதை முதல்ல அறுக்கணும்?” என்று கேட்டார் பசையம்மா.

“எது வேணா. எல்லாமே யாரும் படிக்காத புத்தகம்தான்.”

“நீங்க படிச்சீங்களா?”

“நானா? எதுக்கும்மா?”

“அப்போ யாரும் படிக்கலைன்னு எப்படித் தெரியும்?”

எழுத்தர் யோசித்துப் பார்த்தார். “யாராவது படிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே!”

இந்தப் பதில்தான் வினை. பசையம்மாவுக்கு நூல்கள்மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. தூசு பட்டால் தும்முவார். அலை நூலைப் பிரித்துப் பார்த்ததில் நாலாவது பக்கத்திலேயே கண் சொக்கிவிட்டது. ஆனால் படிக்காத ஒருவர் படிக்காததையே சாட்சியாக வைத்துத் தூக்குத் தண்டனை கொடுப்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. கத்தியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு அது எழுதுகோல் சீவ மட்டும் வெளியே வந்தது.

பூட்டினால் போதுமா, காரணம் வேண்டாமா? விதிப் புத்தகத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். தான் முழுதாகப் படித்த ஒரே கழக வெளியீடு அதுதான் என்று பின்னால் சொல்லிச் சிரிப்பார். உள்ளே ஒரு மூலையில் ஒரு வரி கிடந்தது. திருத்தம் நிலுவையில் உள்ள நூல் முடிவுற்ற சரக்காகக் கருதப்படாது. முடிவுற்ற சரக்கைத்தான் அரைக்கலாம். ஆகவே அச்சுப் பிழையோ தகவல் பிழையோ இருந்து, அதற்கான திருத்தச் சீட்டு எல்லாப் பிரதிகளிலும் ஒட்டப்படாதவரை, அந்த நூலை யாரும் தொட முடியாது.

பிழைக்கு எங்கே போவது? நூலாசிரியர்களைக் கேட்டார். தங்கள் நூலில் பிழையா என்று அத்தனை பேரும் சீறி விழுந்தார்கள். இரண்டு நாள் யோசித்தபின் பசையம்மாவுக்குப் பொறி தட்டியது. அலை ஆய்வாளரின் நூலைப் பற்றி உப்பு வரலாற்றாசிரியரைக் கேட்டார். உப்பைப் பற்றி அலையைக் கேட்டார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. அந்த இருவரும் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்.

“பிழையா? எந்த அத்தியாயத்துல வேணும் உங்களுக்கு?” என்றார் உப்பு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. “அந்த ஆள் துறைமுகத்தையே ஆத்தோட தப்பான கரையில கொண்டுபோய் வச்சிருக்கான்.”

“கப்பல் வேகத்தைப் பாருங்க,” என்றார் அலை. “இவர் கணக்குப்படி பாய்மரக் கப்பல் ரயிலைவிட வேகமாப் போகுது. உப்பு ஏத்தின கப்பல்மா, உப்பு!”

இரண்டுமே உண்மையான பிழைகள். பசையம்மா சரிபார்த்து, சீட்டு அச்சிடக் கொடுத்து, உட்கார்ந்து ஒட்டினார். பதறாமல் ஒட்டினார். ஒரு நூலின் எல்லாப் பிரதிகளுக்கும் ஒட்டி முடிக்கிற சமயத்துக்குச் சரியாக எதிர்வீட்டிலிருந்து அடுத்த பிழை வந்து சேரும். இதற்கிடையில் ஒரு விசித்திரம் நடந்தது. பிழை தேட வேண்டுமென்றால் நூல் கையில் இருக்க வேண்டுமே! அலை நூலை உப்பு விலை கொடுத்து வாங்கினார். தன் மாணவர்களையும் வாங்க வைத்தார். அலை சும்மா இருப்பாரா? விற்பனையாகாத நூல்கள் பகையின் புண்ணியத்தில் மெல்ல விற்கத் தொடங்கின.

ஆலையின் லாரி ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஓட்டுநர் இறங்கி, தேநீர் குடித்து, “என்னக்கா, இந்த வருஷமும் காயலையா பசை?” என்று கேட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போவார்.

இது இப்படியே போயிருக்கும், புதிய இயக்குநர் வராமல் இருந்திருந்தால். மனிதர் கெட்டிக்காரர். கிடங்கைக் காலி செய்து கருத்தரங்கக் கூடம் கட்டத் திட்டம் போட்டார். நூல்களை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதுதான் அங்கே நடக்கவிருந்த முதல் கருத்தரங்கின் தலைப்பு.

பசையம்மாவைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை, அவராகவே உட்கார்ந்துகொண்டார்.

“விதி விதின்னு சொல்றீங்களாமே. சரி, விதிப்படியே போவோம். இனிமே யார் வேணா பிழை சொல்ல முடியாது. அந்த நூலை எழுதினவரே, என் நூலில் பிழை இருக்குன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். அப்பத்தான் திருத்தம் நிலுவை. புரியுதா?”

“நல்லாப் புரியுது சார். எழுதினவர் யாரா இருந்தாலும் இதானே விதி?”

“யாரா இருந்தாலும்.”

“அதை எழுத்துல குடுத்துடுங்க சார்.”

கொடுத்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருப்பவர்கள் எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள்.

வெளியே சிரித்துக்கொண்டு வந்தாலும் பசையம்மாவுக்கு உள்ளுக்குள் உதறல்தான். கழுத்தைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டார் மனிதர். அன்றைக்கே இரண்டு வீடுகளுக்கும் நடந்தார். உப்பு வரலாற்றாசிரியர் காதைப் பொத்திக்கொண்டார்.

“ஐயா, ஒரே ஒரு பிழைன்னு கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா அத்தனை பிரதியும் கூழாயிடும்.”

“கூழாகட்டும். எதிர்வீட்டுக்காரன் பார்த்துச் சிரிக்கிறதுக்கு அது மேல்.”

எதிர்வீட்டிலும் அதே பாட்டுதான், ராகம் மட்டும் வேறு.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கைகளில் கிரீஸோடு உட்கார்ந்திருந்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பாதி வழியில் நின்றுபோனவற்றோடு பழகியவர்.

“ஏம்மா, எழுதினவங்களுக்கே இல்லாத அக்கறை உனக்கெதுக்கு? ஆணையை மீறினா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க.”

“மீறப் போறதில்லைங்க. கீழ்ப்படியப் போறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை ஆண்டு இல்லறத்தில் இந்தச் சொல்லை அவர் அந்த வாயிலிருந்து கேட்டதே இல்லை. “அப்போ நிச்சயமா வேலை போயிடும்,” என்று கை கழுவப் போனார்.

லாரி வந்தது. முற்றத்தில் கூட்டமும் சேர்ந்துவிட்டது. அலை ஆய்வாளர் உப்பு அரைபடுவதைப் பார்க்க வந்திருந்தார். உப்பு வரலாற்றாசிரியர் அலை அரைபடுவதைப் பார்க்க. தத்தம் நூலும் சேர்ந்துதான் போகிறது என்பது அந்த உற்சாகத்தில் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

முதல் அட்டையை இயக்குநரின் முன்னிலையில் அறுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அவரை அழைத்தார்கள். பசையம்மா இழுப்பறையைத் திறந்து, பென்சில் தூள் படிந்த கத்தியை முந்தானையில் துடைத்து எடுத்து வந்தார். இன்னொரு கையில் ஒரு தடித்த நூல். அதைக் கடைசி அடுக்குக்குப் பின்னாலிருந்து அன்று காலையில் தானே ஏணி போட்டு இறக்கியிருந்தார்.

உரைநடையில் சுருக்கம் என்பது பற்றிய ஆய்வு. அறுநூறு பக்கம். பின்னட்டையில், கன்னத்தில் கைவைத்து, இளமையான இயக்குநர்.

“சார், வரிசைப்படி இதுதான் முதல்ல வருது. ரொம்ப நாளா ஒரு பிரதிகூட நகரலை. நீங்க அறுக்கறீங்களா, நானே அறுத்துடட்டுமா?”

இயக்குநரின் முகம் சுண்டிப்போனது. நூலை வாங்கினார். திருப்பினார். தன் இளமையைப் பார்த்தார். லாரி ஓட்டுநர், உதவுகிற எண்ணத்தில், “முதுகுப் பக்கமா விட்டா சுலபமா வந்துடும் சார்,” என்றார்.

“இதை ஒதுக்கி வைங்க.”

“வைக்கிறேன் சார். என்ன காரணம்னு போட?”

“இதுல...” தொண்டையைச் செருமினார். “இதுல ஒரு திருத்தம் இருக்கு.”

“யார் சொன்னது சார்?”

இயக்குநர் பின்னட்டைப் படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

“நான்தான் சொல்றேன்.”

பசையம்மா தாளையும் பேனாவையும் நீட்டினார். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். ஒரு நூலாசிரியர் தன் நூலில் பிழை உண்டு என்று ஒப்புக்கொண்டது கழகத்தின் நினைவில் அதுதான் முதல்முறை.

உப்பு வரலாற்றாசிரியர் தாடையைத் தடவினார். பிழையை ஒப்புக்கொள்வது பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“இயக்குநரோடது என்ன, சின்னப் பிழையாத்தான் இருக்கும். என்னோட கப்பல் கணக்கு ஒரு அத்தியாயத்தையே கவுத்துடும். கொண்டாங்கம்மா பேனாவை.”

“ஒரு அத்தியாயம்தானா?” என்றார் அலை ஆய்வாளர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு. “என் நூல்ல துறைமுகம் தப்புன்னா, அதுக்கப்புறம் வர்ற அலை மொத்தமும் தப்பு! தள்ளுங்க, நான் முதல்ல போடறேன்.”

அன்று மாலைக்குள் செய்தி பரவி, தாலாட்டும் எழுத்து வடிவமும் ஓடி வந்தன. யாருடைய பிழை ஆழமானது என்பதில் கைகலப்பு வரை போயிற்று. ஓட்டுநர் தேநீரைக் குடித்து முடித்து, வெறும் வண்டியைத் திருப்பினார்.

இயக்குநர் மறக்கிற ஆள் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் பசையம்மாவின் பெயர் அதன்பின் ஒருபோதும் வரவில்லை. “நிலை ரெண்டுலயே நிக்கிறியே,” என்று கணவர் கேலி செய்தால், “லிஃப்ட் நின்னாத்தானே உங்களுக்குப் பிழைப்பு, நான் நின்னா என்ன?” என்பார். கருத்தரங்கக் கூடம் கட்டப்படவில்லை. நூல்களை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்று மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுப் பேசினார்கள். பசையம்மா கீழே ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வு பெற்றபோது கழகம் கொடுத்த சான்றிதழில், “கழிவு நீக்கப் பணியை மேலதிகாரிகளின் ஆணைப்படி செவ்வனே நிறைவேற்றினார்” என்று எழுதியிருக்கிறது.

அவர் ஒரு நூலின் அட்டையையும் அறுக்கவில்லை. பிழைகளுக்குச் சீட்டு ஒட்டினார். கேட்டு வந்தவர்களுக்கு நூலை எடுத்துக் கொடுத்தார்.