டிராம் நின்றது, வான் நிற்கவில்லை

மெல்பேர்னில் வீதி நடுவே டிராம் நின்றால், பின்னால் வரும் கார்களும் நிற்கும். அந்தப் பழக்கத்தோடுதான், ஜப்பானுக்குச் சுற்றுலா போனபோது நாகசாகியில் பழைய டிராம் ஒன்றில் ஏறினோம். நடுவீதியில் இருந்த ஒடுக்கமான மேடையில் இறங்கியதும், மகள் அபியின் கையைப் பிடித்தபடி நேரே வீதியில் கால் வைத்தேன்.

"நில்லுமப்பா! வான் வருது!"

கணவர் கத்தியபடி என் தோள்பையைப் பிடித்து இழுத்தார். வான் வண்டி ஒன்று அபியின் சப்பாத்தை உரசுவதுபோலப் பறந்தது. அபியை மேடைக்கு இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"ஏனம்மா அது நிக்கேல்லை?" என்றாள் அபி.

பிறகு விசாரித்தோம். மேடை இருக்கும் இடங்களில் அங்கே வாகனங்கள் நிற்கத் தேவையில்லையாம். பாதசாரிக் கடவை வரை நடந்துபோய்த்தான் கடக்க வேண்டுமாம்.

இப்போது மெல்பேர்னில் டிராம் கதவு திறந்தாலும் படியிலேயே நின்றுவிடுகிறேன். "எல்லாக் காரும் நிண்டிட்டுது, வாங்கோ அம்மா" என்று அபி இழுக்கிறாள். நிற்காத ஒன்று வருகிறதா என்று பார்த்த பிறகே காலைக் கீழே வைக்கிறேன்.