நிலக்கரிக் குழியிலிருந்து பட்டாளத்துக்கு

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில், இவனுடைய தாய் தகப்பன் வீட்டுக் கோப்பி மேசையில்தான் அந்த விசாரிப்பு தொடங்கியது. இவன் என்று சொல்வது நான் கலியாணம் கட்டப்போகிற டேனிஷ்காரனை. எங்கள் ஆக்கள் சம்பந்தம் பேச முதல் மூன்று தலைமுறையாவது விசாரிப்பார்கள். ஊரென்றால் தெரிந்த ஆள் ஒருவர் சத்தமில்லாமல் செய்துமுடிப்பார். இங்கே யாரை அனுப்புவது? அப்பா நேரே கேட்டுவிட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், அங்கே கட்டிலோரமாக நின்று கதை கேட்கிற அதே இதமான டேனிஷில், "உங்களுடைய அப்பா, தாத்தா எல்லாம் என்ன வேலை?" என்றார்.

"நிலக்கரி வெட்டினவர்கள். ஜெர்மனியில்," என்றார் இவனுடைய தகப்பன்.

"பிறகு?"

"பிறகு சண்டை வந்தது."

அவர் எழும்பிக் கோப்பி எடுக்கப் போனார். மேசையில் இருந்த பிளாஸ்கில் கோப்பி நிறைய இருந்தது.

ஹ்விடோவ்ரேயில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, பெரிய பாலத்தில் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கியபடி சொன்னார்: "மறுமொழி சொல்லாமல் எழும்பிப் போற வீட்டிலை ஏதோ இருக்கு. எழுத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்."

எழுத்து என்றால் எங்கள் கலியாணப் பதிவு. கலியாண ஹோல்கூடப் பார்த்தாயிற்று.

"நீங்கள் விசாரிச்ச விசாரிப்பிலை எனக்கே எழும்பி ஓடவேணும் போலதான் கிடந்தது," என்றார் அம்மா.

நான் பின்சீட்டில் போனை எடுத்து, சுரங்கம், பட்டாளம், இவனுடைய ஆக்களின் பூர்வீகமான தென் யூட்லாந்து என்று தேடத் தொடங்கியிருந்தேன். அவர் எழும்பிப் போனதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தால் எழுத்து நடக்கும். பொறுத்திருப்பது எனக்கு வராது.

இவனுக்குத் தெரிந்தது ஒரேயொரு வரி: "பூட்டன் ஜெர்மன் பட்டாளக் கோட் போட்டவர்." அதற்கு மேலே அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அடுத்த கிழமையே தெற்கிலுள்ள இவனுடைய மாமியிடம் போனோம். தகப்பனின் அக்கா. அவர் ஒரு படத்தை எடுத்துத் தந்தார். ஒல்லியான இளைஞன், சீருடை, நெஞ்சில் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகச் சண்டையென்றால் நெஞ்சின் வலப்பக்கம் கழுகுச் சின்னம் இருக்கும். அதை வழியிலேயே படித்துவைத்திருந்தேன். ஆகவே இது முதலாம் உலகச் சண்டை. அப்போது தென் யூட்லாந்து ஜெர்மனியின் கையில். சுரங்கத்தில் நின்ற ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும், எதிரியின் பதுங்குகுழிக்குக் கீழால் சுரங்கம் தோண்டத்தான் விட்டார்களாம். மாமி சொன்னார்.

காரில் ஏற முதலே அப்பாவுக்குப் போன் அடித்தேன்.

"அப்ப பிடிச்சுக்கொண்டு போனதோ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா. மாட்டன் எண்டு சொல்லேலாது."

"சரி. அதிலை வெக்கப்பட ஒண்டுமில்லையே. அப்ப ஏன் அந்த மனுசன் எழும்பிப் போனது?"

இவனிடம் காரைச் சில்க்போர்க்குக்கு விடச் சொன்னேன்.

இவனுடைய தகப்பன் ஏரிக்கரையில், குளிருக்கு முதல் படகைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தார். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். படத்தைப் போனில் காட்டினேன். கண்டுபிடித்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

"சொல்ல இலேசான ஆளைத்தான் கண்டுபிடித்திருக்கிறாய்," என்றார் அவர். "இது என் தாத்தா. என் அப்பாவும் அதே குழியில்தான் வெட்டினார். அவரும் அந்தக் கோட் போட்டார், அடுத்த சண்டையில். அப்போது தென் யூட்லாந்து டென்மார்க்கோடு சேர்ந்துவிட்டது. கூப்பிட்டார்களா, தானாகப் போனாரா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால் இருந்துதான் சாப்பிட்டார். நான் கேட்கவில்லை."

படகுக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். முடிச்சு சரிவரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"உன் அப்பாவிடம் சொல்லலாம்," என்றார். "சொன்னால் கலியாணம் நிற்குமா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

மறைத்திருக்கலாம். பூட்டனோடு நிறுத்தினால் எழுத்து நடந்திருக்கும். இவன் என்னைப் பார்த்து, "சொல்லு," என்று மட்டும் சொன்னான். ஹ்விடோவ்ரேயில் அப்பா வேலை உடுப்பு மாற்றாமல், குசினி வாசலில் நின்றே முழுவதையும் கேட்டார். அம்மா அடுப்பைக் குறைத்தார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"உன்ர சித்தப்பா ஊரிலை சண்டைக்கெண்டு இயக்கத்துக்குப் போனதைப் பற்றி அந்த மனுசன் கேட்டால்," என்றார் அப்பா, "நான் என்ன சொல்லுறது? தானாப் போனவன் எண்டோ, கொண்டுபோனவை எண்டோ?"

சித்தப்பா திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்டதில்லை. நான் எல்லாவற்றையும் கேட்கிறவள், அதை மட்டும் கேட்டதில்லை.

"நானும் கோப்பி எடுக்கத்தான் போவன்," என்றார். பிறகு, "எழுத்தைப் பிறகு பாப்பம். முதல் அந்தாள் தன்ர தேப்பனைப் பற்றி அறியட்டும். தனியப் போக விடாதையுங்கோ."

ஜெர்மனியில் அந்தச் சுரங்க ஊரில் இவனுடைய தகப்பனுக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் இன்னும் இருக்கிறார். தொண்ணூறு தாண்டியவர். சின்னப்பிள்ளையாக இருந்தபோது, தகப்பனின் அப்பா பட்டாளத்துக்குப் போன அன்று வாசலில் நின்று பார்த்தவராம். போன் அடித்தோம். "வாருங்கள், போனில் சொல்லமாட்டேன்," என்றார்.

சனிக்கிழமை போகிறோம். இவனுடைய தகப்பன் கார் ஓட்டுவார். அப்பா முன்சீட்டில் இருப்பார். கேட்காமலே லீவு போட்டுவிட்டார். ஜெர்மன் தெரிந்தவன் இவன்தான், மொழிபெயர்ப்பான். முதல் கேள்வியைத் தகப்பன்தான் கேட்கவேண்டும் என்று முடிவு. அவரால் முடியாவிட்டால் நான் கேட்பேன்.